நர்சம்மா ஒரே ஒருமுறை கேட்டது

உலகச் சண்டை முடிந்த வருடத்தில் என் வலது காலில் ஒரு புண் வந்தது. அப்போது எனக்கு இருபத்துநான்கு வயது. எண்ணூர்க் கழிமுகத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கிளிஞ்சல் அள்ளும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். சுண்ணாம்புக் காளவாய்க்காரர்கள் அதைக் கூடை கூடையாக வாங்கிக்கொள்வார்கள். ஒருநாள் சேற்றுக்குள் கிடந்த உடைந்த சிப்பி ஒன்று குதிகாலுக்கு மேலே கிழித்துவிட்டது. மஞ்சளை வைத்துக் கட்டிக்கொண்டு மறுநாளும் தண்ணீரில் இறங்கினேன். பத்து நாளில் கால் முழங்கால்வரை வீங்கி, புண்ணிலிருந்து வாடை வர ஆரம்பித்தது.

நான் இருந்தது கடலோரக் குப்பத்தில், புருஷன் வீட்டில். புருஷன் அங்கே இல்லை. கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாதபோது சரக்குக் கப்பல் ஒன்றில் கலாசி வேலைக்கு ஏறிப் போனார். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணத்தில் பாதிப் பேர் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடிய சமயம் அது. கப்பல் கொழும்பைத் தாண்டியது வரைக்கும் தெரியும். அதன் பிறகு துறைமுகத்துக்கு எதிரே இருந்த கம்பெனி ஆபீசுக்கு நானும் என் கொழுந்தனும் எத்தனையோ முறை போய் நின்றோம். தகவல் இல்லை என்றார்கள். செத்துவிட்டார் என்றும் சொல்லவில்லை. அதனால் தாலி கழுத்தில் இருந்தது. ஆனால் நல்ல காரியங்களில் குங்குமத் தட்டு என் பக்கம் வரும்போது, நீட்டுவதா வேண்டாமா என்று கொடுப்பவளின் கை கொஞ்சம் தயங்கும். அந்தத் தயக்கத்துக்கு நடுவில்தான் நான் மூன்று வருடம் இருந்தேன்.

புண் வந்த பிறகு எனக்குப் பின்புறத்துச் சாய்ப்பில் பாய் போட்டார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். ஒரே அறையில் ஏழு பேர் இருந்த வீடு. வாடையில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. என் ஓரகத்திதான் ஒருநாள் புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"இந்தா, இப்டியே கெடந்தீன்னா கால எட்த்துடுவாங்கோ. திருவொத்தியூர்ல வேதக்காரங்கோ ஆஸ்பத்திரி ஒண்ணு கீதாம். சொம்மாவே மருந்து போட்றாங்களாம். அப்பால வேதத்துல சேரச் சொல்வாங்கோ. நீ சேர மாட்டேன்னு சொல்லிட்டு வந்துடு."

"மருந்த வாங்கிகினு எப்டிக்கா அப்டி சொல்றது?"

"வாயாலதான்" என்றாள்.

மறுநாள் காலையில் உப்பளத்திலிருந்து போகும் மாட்டுவண்டி ஒன்றில், உப்பு மூட்டைகளின் மேல் காலை நீட்டிக்கொண்டு திருவொற்றியூர் போனேன்.

அவள் ஆஸ்பத்திரி என்று சொன்னது கிறிஸ்தவ மிஷன் நடத்திய, மூன்று அறைகள் கொண்ட ஓட்டு வீடு. டாக்டர் வாரத்தில் ஒருநாள் ராயபுரத்திலிருந்து வந்துபோவார். மற்ற நாட்களில் எல்லாவற்றுக்கும் நர்சம்மா ஒருவர்தான். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். நாற்பதை நெருங்கிய வயது, கல்யாணம் ஆகாதவர். கறுத்து மெலிந்த உருவம், தடித்த கண்ணாடி, ஒட்டவாரிய தலை. பார்த்தவுடன் பிடித்துப்போகிற முகம் இல்லை. பேச்சும் வெடுக்கென்று இருக்கும்.

அவர் கட்டை அவிழ்த்தபோது நானே முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் முக்காலியில் உட்கார்ந்து, மடியில் ஒரு துணியை விரித்து, என் காலைத் தூக்கி அதன்மேல் வைத்துக்கொண்டார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

"மடில வேணாம்மா. கலீஜா கீது."

"காலுதான பிள்ள. எங்கன வச்சா என்ன? ஆடாம இரு."

இரண்டு மாதத்துக்கு மேல் அது நடந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் உப்பு வண்டியில் போவேன். சீழை வழித்து, கருஞ்சிவப்புத் தண்ணீரில் கழுவி, பொடி தூவிக் கட்டுவார். வேலை செய்யும்போது அவர் உதடு அசையும். சத்தம் வராது. வண்டியில் போகும்போதெல்லாம் நான் என் பதிலைச் சொல்லிப் பார்த்துக்கொள்வேன். வூட்ல ஒத்துக்க மாட்டாங்கம்மா. எங்க வூட்டுக்காரு வந்தா இன்னா சொல்வாரு. இப்படி நாலைந்து பதில்கள் தயாராக இருந்தன. அவர் கேட்டதெல்லாம் நேற்று என்ன சாப்பிட்டாய், காய்ச்சல் இருந்ததா, தூங்கினாயா என்பதுதான். ராத்திரி தூங்கினாயா என்று என்னை அதற்கு முன் யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

புண் ஆறிய நாளில் கடைசிக் கட்டையும் எடுத்துவிட்டார். நான் போகாமல் கதவோரம் நின்றேன்.

"என்ன பிள்ள, போகலியா?"

"நீங்கோ ஒண்ணியும் சொல்லலியேம்மா."

"சொன்னேனே. சேத்துல எறங்காத."

அவ்வளவுதான். வண்டியில் திரும்பி வரும்போது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஏதோ ஏமாற்றம் போலவும் இருந்தது. என்னைக் கூப்பிட்டிருந்தால் மறுத்திருப்பேன். ஆனால் கூப்பிடும் அளவுக்கு நான் ஒரு ஆளாகத் தெரியவில்லையா என்றும் தோன்றியது.

சேற்றில் இறங்காமல் எனக்கு வேறு வேலை இல்லை. ஒரு மாதம் கழித்து அவரிடமே போய்ச் சொன்னேன். கட்டுத்துணிகளைத் துவைத்து, கொதிக்க வைத்து, காயவைத்துச் சுருட்டும் வேலைக்கு அவருக்கு ஆள் தேவைப்பட்டது. என்னை எடுத்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக்கு நாலு தெரு தள்ளி ஒரு ஒற்றை அறை பிடித்தேன். குப்பத்தில் யாரும் போகாதே என்று சொல்லவில்லை. சொல்வார்கள் என்று பாயைச் சுருட்டி வைத்துக்கொண்டு அரைநாள் உட்கார்ந்திருந்தேன்.

அந்த வேலையில் ஆறு வருடம் இருந்தேன். அந்த ஆறு வருடமும் நான் இரண்டு பக்கத்துக்கும் வேண்டாதவளாக இருந்தேன்.

முதல் ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற அன்று, கேழ்வரகு மாவு எடுத்துக்கொண்டு குப்பத்துக்குப் போனேன். என் மாமியார் அதை வாங்கித் தனியாக ஒரு ஓரத்தில் வைத்தார். அடுப்புப் பக்கம் நான் போனதும் பேச்சு நின்றுவிட்டது.

"கோச்சுக்காதம்மா" என்றார் மாமியார். "நீ இப்ப அந்தாண்ட ஆளு."

"நான் சேரவே இல்ல அத்த. அவங்கோ என்னிய கூப்புடவே இல்ல."

"கூப்புடாம வேல குடுப்பாங்களா?"

நான் கொண்டுபோன மாவை அந்தக் கூழில் கலக்கவில்லை. எனக்கு ஒரு சொம்பு கூழ் ஊற்றிக் கொடுத்தார்கள். வெளியே நின்று குடித்தேன்.

இந்தப் பக்கம் கிறிஸ்துமஸ். ராயபுரத்துக் கோயிலிலிருந்து தெற்கத்திக் கடைக்காரக் குடும்பத்துப் பெண்கள் வந்து நோயாளிகளுக்குப் புடவையும் கேக்கும் கொடுப்பார்கள். நல்லவர்கள். எனக்கும் கொடுத்தார்கள். அவர்களில் ஒரு அம்மாள் வருடா வருடம் என்னைக் காட்டி நர்சம்மாவிடம் கேட்பார்.

"இவ இன்னும் இல்லியோ?"

"இல்ல" என்பார் நர்சம்மா, சுருட்டுகிற துணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்த 'இன்னும்' எனக்கு முள்ளாகக் குத்தும். குப்பத்தில் நான் போய்விட்டவள். இங்கே நான் இன்னும் வராதவள். நான் இருந்த இடத்தில் இருந்ததாக யாருமே ஒத்துக்கொள்ளவில்லை. நர்சம்மா ஒருவர்தான் ஒன்றும் கேட்காமல் என்னை அப்படியே விட்டிருந்தார். எனக்கு அது போதும் என்று இருந்தேன்.

அவர் மேல் எனக்கு மதிப்பு இன்னும் கூடியது ஒரு மழைக்காலத்தில். மிஷனில் புதிதாக வந்த மேலதிகாரி, மருந்து கொடுப்பதற்கு முன் ஒரு பாட்டும் ஜெபமும் நடக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். புதன்கிழமைதோறும் உபதேசியார் ஒருவர் வர ஆரம்பித்தார். ஊர் ஊராகப் போய் வேதம் சொல்லிக் கொடுக்கிற வயதான மனிதர். கெட்ட எண்ணம் இல்லாதவர். முதல் புதன்கிழமை மருந்துக்கு வந்திருந்த நாற்பது பேரையும் உட்கார வைத்துப் பாடினார். சுண்ணாம்புக் காளவாயில் கையைச் சுட்டுக்கொண்ட ஒருவர் கையை மேலே தூக்கிப் பிடித்தபடி பாட்டு முடிவதற்காகக் காத்திருந்தார். ஜெபம் முடிந்ததும் எல்லோரும் ஆமென் சொன்னார்கள். மருந்து அவசரமாக வேண்டியவர்கள்தான் உரக்கச் சொன்னார்கள். உபதேசியார் முகம் மலர்ந்துவிட்டது.

நர்சம்மா மருந்துத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"ஐயா" என்றார் உபதேசியாரிடம், "இவ்வோ சொல்லுத ஆமென் ஆண்டவருக்கு இல்ல. என் கையில இருக்க இந்தத் தட்டுக்கு. அடுத்த வாரம் நான் மருந்து குடுத்து முடிச்ச பெறகு பாடுங்க. இருக்க விருப்பமுள்ளவ்வோ இருந்து கேக்கட்டும்."

அடுத்த வாரம் மருந்து வாங்கிய பிறகு பாட்டுக்கு இருந்தது மூன்று பேர். ஒருவர் மழைக்காக ஒதுங்கியவர். உபதேசியார் மூன்று பேருக்கும் பாடிவிட்டுப் போனார். சில வாரங்களில் வருவதை நிறுத்திக்கொண்டார்.

இதை நான் குப்பத்தில் போய்ப் பெருமையாகச் சொன்னேன். பார்த்தீர்களா, எங்கள் நர்சம்மா யாரையும் இழுப்பவர் இல்லை, ஒன்றையும் எதிர்பார்த்துச் செய்பவர் இல்லை என்றேன். உலகத்தில் அப்படி ஒரு ஆள் இருக்கிறார், எனக்கு அவரைத் தெரியும் என்பது அந்த வருடங்களில் நான் பிடித்துக்கொண்டு நின்ற ஒரே விஷயம்.

ஆறாவது வருடம் நர்சம்மாவுக்கு டைபாய்டு காய்ச்சல் வந்தது. மூன்று வாரம் படுத்த படுக்கை. அவருக்கு இந்த ஊரில் யாரும் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோயில் பெண்கள் கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டுத் தொற்றுக்குப் பயந்து வாசலோடு போனார்கள். நான் பக்கத்திலேயே இருந்தேன். ஈரத்துணி போட்டேன், உடம்பு துடைத்தேன், பேன் பார்த்தேன். காய்ச்சல் இறங்கிய நாலாம் நாள் காலையில் கண்ணாடியும் வேதப் புத்தகமும் வேண்டும், பெட்டியில் இருக்கிறது, எடுத்து வா என்றார்.

வேதப் புத்தகத்துக்கு அடியில் ஒரு கோடு போட்ட நோட்டு இருந்தது. அதுவும் சேர்ந்து கையோடு வந்து தரையில் விழுந்து விரிந்தது. நான் கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள். படிக்க வேண்டும் என்று படிக்கவில்லை. என் பெயர் கண்ணில் பட்டது.

தினமும் யார் யாருக்காக ஜெபிப்பது என்று எழுதி வைத்திருந்தார். தங்கையின் மூட்டு வலி, அண்ணன் மகனின் பரீட்சை, காளவாயில் கை வெந்தவர். எல்லாவற்றுக்கும் மேலே என் பெயர். பக்கத்தில், 'இவள் இரட்சிக்கப்பட.' வேதத்தில் சேர வேண்டும் என்பதற்கு அவர்கள் சொல்லும் வார்த்தை. பக்கத்தைத் திருப்பினேன். மறுபடியும் என் பெயர், அதே வார்த்தை. முதல் பக்கம்வரை திருப்பிப் பார்த்தேன். நான் கட்டோடு உப்பு வண்டியில் வந்துகொண்டிருந்த நாட்களிலேயே அது ஆரம்பித்திருந்தது. அவர் என் காலை மடியில் வைத்துக்கொண்டு உதட்டை அசைத்தது எதற்கு என்று இப்போது புரிந்தது. என்னிடம் கேட்காத ஒன்றை, எனக்குத் தெரியாமல், வேறொருவரிடம் ஆறு வருடமாகக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்.

நோட்டை இருந்த இடத்தில் வைத்துவிட்டுக் கண்ணாடியையும் புத்தகத்தையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதன் பிறகு எட்டு நாள் எல்லா வேலையும் செய்தேன், பேச்சு மட்டும் இல்லை. எட்டாம் நாள் அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"நோட்டப் படிச்சிட்ட."

"ஆமா."

"கோவமா?"

"என் கால கட்டுனதெல்லாம் அதுக்குத்தானா?" என்றேன். "எங்க வூட்டாண்ட எல்லாரும் சொன்னாங்கோ. நான்தான் இல்லவே இல்லன்னு சண்ட போட்டுகினு கீறேன் ஆறு வருசமா."

அவர் உடனே இல்லை என்று சொல்லியிருக்கலாம். நான் அதற்காகத்தான் கேட்டேன்.

"உன்ட்ட பொய் சொல்ல மாட்டேன் பிள்ள. காலு அழுகிப் போச்சுன்னு கட்டுனேன். நீ யாரா இருந்தாலும் கட்டியிருப்பேன். ஆனா ஒனக்கு அதுவும் கெடைக்கணும்னு அன்னைக்கே நெனச்சேன். எங்கிட்ட இருக்கதுலயே நல்லது அதுதான். அத உனக்கு வேண்டாம்னு நான் நெனச்சா, ஒன்ன எனக்குப் பிடிக்கலன்னுதான அர்த்தம்?"

"அப்ப ஏன் வாயத் தொறந்து கேக்கல?"

"ஒங்காலு எங்கையில இருக்கையில நான் எப்படிக் கேப்பேன்?"

"கால் ஆறி ஆறு வருசம் ஆச்சே."

"இப்ப ஒஞ் சோறு எங்கையில இருக்கு."

எனக்கு அப்போது அது தந்திரமான பேச்சாகத்தான் பட்டது. "அப்ப எப்பதான் கேப்பீங்கோ?" என்றேன்.

"என்ட்ட இருந்து ஒனக்கு ஒண்ணும் ஆவ வேண்டாம்னு நீ இருக்கிற நாள்ல" என்றார். கிண்ணத்தை நீட்டினார். நான் வாங்கிக் கழுவி வைத்தேன்.

அவர் எழுந்து நடமாட ஆரம்பித்ததும் நான் வேலையை விட்டேன். அந்த ஊரில் பெரிய தீப்பெட்டி ஃபாக்டரி ஒன்று இருந்தது. தெரிந்தவள் ஒருத்தி சொல்லி, அதில் பெட்டியில் குச்சி அடைக்கும் பகுதியில் சேர்ந்தேன். நர்சம்மாவிடம் சொல்லிக்கொண்டு போனேன். ஏன் என்று கேட்கவில்லை. நல்லா இரு என்றார்.

அந்த மாதங்கள்தான் என் வாழ்க்கையிலேயே மிகத் தனியான மாதங்கள். பக்கத்தில் நூறு பெண்கள் உட்கார்ந்து வேலை செய்வார்கள், மெஷின் சத்தத்தில் ஒருத்தி பேச்சு ஒருத்திக்குக் கேட்காது. சாயங்காலம் சங்கு ஊதியதும் கூட்டத்தோடு வெளியே வந்து என் தெருமுனையில் நான் மட்டும் திரும்புவேன். அறைக்குள் போனால் விரலில் தீக்குச்சி மருந்து வாடை. ஞாயிற்றுக்கிழமை கடற்கரைப் பக்கம் போய் உட்காருவேன். துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கப்பல்கள் தூரத்தில் நிற்கும். முன்பு ஒவ்வொன்றையும் பார்த்து இதில் அவர் இருப்பாரோ என்று நினைப்பேன். அந்த வருடம் அப்படி நினைப்பது நின்றுபோயிருந்ததைக் கவனித்தேன். நான் யாரை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறேன் என்று எனக்கே தெரிந்துதான் இருந்தது. ஆஸ்பத்திரித் தெரு வழியாக மட்டும் போகாமல் சுற்றிப் போனேன்.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு மத்தியானம் நர்சம்மா என் அறைக்கு வந்தார். அத்தனை வருடத்தில் அதுதான் முதல் தடவை. கோயிலுக்குக் கட்டும் வெள்ளைப் புடவை. கையில் குடை. வெயிலில் நடந்து வந்து முகமெல்லாம் வேர்த்திருந்தது. பாயைப் போட்டேன், உட்கார்ந்தார். டீ போட்டுக் கொடுத்தேன். தண்ணீர்ப் பானையையும் கொடியில் கிடந்த புடவைகளையும் சுவரில் இருந்த அம்மன் படத்தையும் பார்த்தார்.

"வேல எப்படி?"

"நல்லா கீது."

"ஒடம்பு?"

"அதுவும் நல்லாதான் கீது."

"என்ட்ட இருந்து ஒனக்கு இப்ப ஒண்ணும் ஆவ வேண்டியது இல்லியே?"

"இல்லம்மா."

டீ கிளாசைத் தரையில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். பொண்ணு கேட்டு வந்தவர் போல அவ்வளவு பயம் அந்த முகத்தில்.

"அப்ப கேக்கேன். நீ ஆண்டவர்ட்ட வாரியா?"

உப்பு வண்டிக் காலத்தில் தயாராக வைத்திருந்த பதில்கள் ஒன்றும் உதவவில்லை. வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று சொல்ல வீடு இல்லை. புருஷன் வருவார் என்று சொல்ல எனக்கே நம்பிக்கை இல்லை. உண்மையைத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"நான் கண்ண மூடிப் பாத்துக்கீறேன் நர்சம்மா. நீங்கோ கும்புட்ற மாதிரியே. வேல செஞ்சிகினு இருந்தப்பவே ரெண்டு மூணு தபா பாத்தேன். உங்க மொகம்தான் வருது. உங்க சாமி வரல. நான் வந்தா உங்களுக்காகத்தான் வருவேன். அது சரியா?"

அவர் கிளாசைக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு, "இல்ல, அது சரியில்ல" என்றார். மீதி டீயைக் குடித்தார். "நீ வேற மாதிரி சொல்லியிருந்தா நான் சந்தோசப்பட்டுருப்பேன். அது பொய்யா இருந்தாக்கூட கண்டுபிடிச்சிருக்க மாட்டேன்."

குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இனி வரமாட்டார் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குப் போகாமல் அறையிலேயே இருந்தேன், வந்தாலும் வரலாம் என்று. மூன்று மணிக்கு வாசலில் நிழல் தெரிந்தது.

"கேட்டாச்சு, சொல்லியாச்சு" என்றார் உள்ளே வரும்போதே. "இனி பேசிக்கிட்டு இருக்கலாம்லா?"

ஆறு மாதம், ஞாயிறு தவறாமல் வந்தார். நான் மீன் வறுப்பேன், அவர் முள் எடுக்கத் தெரியாமல் திணறுவார். அவருக்கு நிச்சயம் ஆகி நின்றுபோன கல்யாணத்தைப் பற்றிச் சொன்னார். நர்சு வேலையை விட்டுவிட வேண்டும் என்றார்களாம் மாப்பிள்ளை வீட்டில். நான் கப்பலில் போன மனிதரைப் பற்றிச் சொன்னேன். அவருடைய முகம் மறந்துகொண்டே வருகிறது என்பதை நர்சம்மாவிடம் மட்டும்தான் சொன்னேன்.

ஒருநாள் அவராகவே சொன்னார். "கோயில்ல எம் பக்கத்துல யாரும் இருக்க மாட்டாவ. எல்லாரும் குடும்பம் குடும்பமா உக்காந்திருப்பாவ. நான் ஓரத்துல தனியா இருப்பேன். நீ வந்தா எம் பக்கத்துல இருப்பன்னு நெனச்சிருக்கேன். எழுதும்போது அதுவும் சேந்துதான் இருந்துருக்கு. அந்த நோட்டுல இருந்தது பூரா ஆண்டவருக்குன்னு சொல்ல முடியாது."

இன்னொரு துண்டு மீனை எடுத்து அவர் தட்டில் வைத்தேன்.

அந்த வருடக் கடைசியில் மிஷனிலிருந்து கடிதம் வந்தது. அந்த ஆஸ்பத்திரியை மூடுகிறார்கள், நர்சம்மாவைத் தெற்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றுகிறார்கள். கடிதத்தில் இருந்த ஒரு வரியை எனக்குப் படித்துக் காட்டினார். இத்தனை வருட ஊழியத்தில் கனி காணப்படவில்லை என்று எழுதியிருந்தார்கள். கனி என்றால் வேதத்தில் சேர்ந்தவர்கள் என்று அர்த்தம் சொன்னார். அந்த மூன்று அறைகளில் ஆறிய புண்களை எனக்குத் தெரியும். துணிகளைத் துவைத்தவள் நான்தானே. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, நான் அன்றைக்குச் சரி என்று சொல்லியிருந்தால் இது நின்றிருக்குமே என்றுகூடத் தோன்றியது. அதைச் சொன்னேன்.

"அப்படிச் சொல்லாத" என்று அதட்டினார். "ஒரு ஆள வச்சு ஒரு கட்டடத்தக் காப்பாத்தவா?"

எழும்பூர் ஸ்டேஷனுக்கு நானும் போனேன். கோயில் பெண்கள் நாலைந்து பேர் வந்து பூமாலை போட்டு ஜெபம் செய்தார்கள். நான் தள்ளி நின்றேன். அவர்கள் போன பிறகு ஜன்னலோரம் வந்தேன்.

"நான் இன்னமும் ஜெபம் பண்ணத்தான் செய்வேன்" என்றார். "கோவிச்சுக்கிடாத."

"பண்ணிக்கோங்கோ. நானும் எங்க அம்மன்கிட்ட உங்களுக்கோசரம் வேண்டிக்கறேன்."

"என்னன்னு வேண்டுவ?"

"திரும்பி வந்துடணும்னு."

சிரித்துவிட்டார். "பாத்தியா. நீயும் கேக்கத்தான செய்யுத."

வண்டி நகர்ந்தபோது கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தேன். பிறகு விட்டுவிட்டேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தது ஞாபகம் இருக்கிறது.

மூன்று வருடம் கார்டு வந்தது. நானும் எழுதினேன். நாலாவது வருடம் அவருடைய அண்ணன் மகன் எழுதினார், அத்தை காலமாகிவிட்டார் என்று. அந்தக் கார்டைப் படித்துவிட்டு வேலைக்குப் போனேன். வீட்டில் இருந்து என்ன செய்வது?

அதற்கு அடுத்த வருடம் எங்கள் வரிசை வீட்டில் கடைசி அறையில் இருந்த, ஃபாக்டரியில் என்னோடு வேலை செய்த பெண் காசநோய் வந்து இரத்தமாகத் துப்ப ஆரம்பித்தாள். அவளுக்கும் துணை இல்லை. ஒரே மகளைக் கட்டிக்கொடுத்திருந்தாள். இந்த நோய்க்குப் பயந்து அக்கம்பக்கத்தார் ஒதுங்கிவிட்டார்கள். அவளை நான் பார்த்துக்கொண்டேன். கஞ்சி வைத்துக் கொடுத்தேன், துணி துவைத்தேன், ஊசி போட வாரத்துக்கு இரண்டு முறை கூட்டிக்கொண்டு போனேன். ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. சாயங்காலம் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஃபாக்டரிக் கதை சொல்வேன். தேறிவிட்டாள். தேறியதும் வியாசர்பாடியில் இருந்த மகள் வந்து அழைத்துக்கொண்டு போனாள். ஜட்கா வண்டியில் ஏறும்போது என் சிநேகிதி என் கையைப் பிடித்து அழுதாள், எப்போது வருவாள் என்று மட்டும் சொல்லவில்லை.

எனக்கு வந்த கோபத்தைப் பார்த்து நானே பயந்துவிட்டேன். ஒரு வாரம் சோறு பிடிக்கவில்லை. இவ்வளவு செய்தேனே, இப்படிப் போய்விட்டாளே என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே குச்சி அடைத்தேன். அவள் என்னை விட்டுப் போகாமல் இருப்பாள் என்று ஒவ்வொரு கிண்ணம் கஞ்சியோடும் நான் நினைத்துக்கொண்டிருந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எனக்கு நோட்டு எழுதும் பழக்கம் இல்லை, அவ்வளவுதான். நர்சம்மாவிடம் அன்றைக்கு எவ்வளவு கடுமையாகக் கேட்டேன் என்று நினைத்து ஃபாக்டரியில் வைத்தே அழுதேன். மருந்துத் தூள் கண்ணில் பட்டுவிட்டது என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னேன்.

கோபம் ஆறிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை வியாசர்பாடிக்குப் போனேன். வரிசை வரிசையாகக் குடியிருப்புகள். விசாரித்து விசாரித்துக் கண்டுபிடித்தேன். என் சிநேகிதி கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தாள். கன்னத்தில் சதை பிடித்திருந்தது. என்னைப் பார்த்ததும் துணியைக் கீழே போட்டுவிட்டு வந்தாள். மகள்தான் வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்கோ" என்றாள் அவள். "எங்கம்மாவ ஒரு வருசம் பாத்துகினீங்கோ. சொந்தமும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீங்கோ வேதக்காரங்களும் இல்லன்னு அம்மா சொல்லிச்சு. அப்பால எதுக்கு?"

"எனக்கு யாரும் இல்லம்மா" என்றேன். "அதான்."

இத்தனை வயதில் அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னதும் வெட்கமாக இருந்தது. அந்தப் பெண் முகத்தில் இருந்த இறுக்கம் போய்விட்டது. உள்ளே போய்ச் சோற்றை வடிக்க ஆரம்பித்தாள். என் சிநேகிதி ஒரு பலகையைத் தட்டிப் போட்டாள். கருவாட்டுக் குழம்பும் கீரையும் வைத்துச் சாப்பிட்டேன். வெயில் தாழ்ந்ததும் கிளம்பினேன். அம்மாவும் மகளும் பஸ் நிற்கும் இடம்வரை வந்தார்கள். இந்தப் பக்கம் வரும்போது வாருங்கள் என்று மகள் சொன்னாள். எந்த ஞாயிறு என்று நான் கேட்கவில்லை. பஸ் வந்தது, ஏறிக்கொண்டேன்.